ஏற்றமும் எரிபொருளும்: மலைத்தடத்தில் மின்விசையின் கதை

பெட்ரோலில் ஓடும் டர்ட் பைக்குடன் மின்சார டர்ட் பைக் போட்டியிட முடியுமா என்னும் வினா இன்று மோட்டார் ஆர்வலர்களிடையே ஓயாமல் எழுகிறது. சாலையற்ற மண்தடங்களில், பாறையிலும் சேற்றிலும் ஏறி இறங்குவதற்கென்றே மெலிந்த உடலும் உயர்ந்த இருக்கையும் முரட்டுச் சக்கரங்களுமாக வடிக்கப்பட்ட மோட்டார் சைக்கிளையே டர்ட் பைக் என்கிறோம். இவ்வினா பொறியியலாரும் பந்தய வீரர்களும் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில ஏடுகள் நீலகிரியிலேயே கிடக்கின்றன. ஏற்றத்தை வெல்லும் ஆற்றல் மின்விசைக்கு உண்டா என்ற கேள்விக்கு 1898லேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ஆற்றலை எதில் சுமந்து செல்வது என்பதே கடந்த நூற்றிருபது ஆண்டுகளாக நீடிக்கும் வழக்கு.

இவ்வழக்கை விசாரிக்க ஜெகதளாவைக் காட்டிலும் பொருத்தமான ஊர் நமக்குக் கிடைப்பது அரிது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த படுகர் ஊர் அது. அதை ஒட்டியே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. மலைரயில் அருவங்காட்டில் நின்று செல்கிறது. அருவி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், கொதிகலனின் நீராவி, சிறு வண்டியின் பெட்ரோல் ஆகிய மூன்று விசைகளும் சில மைல் சுற்றளவுக்குள் சந்தித்துக்கொண்ட இடம் இது.

முதல் வெற்றி யாருடையது?

1898 நவம்பரில் பாரிசுக்கு அருகே சாந்தெலூ என்னும் சிற்றூரின் ஏற்றத்தில் மோட்டார் வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடந்தது. உலகின் முதல் மலையேற்றப் பந்தயங்களுள் அதுவும் ஒன்று. பெட்ரோல் வண்டிகள் பலவும் கலந்துகொண்ட அப்பந்தயத்தில் வென்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி. அவர் ஓட்டியது மின்கல வண்டி. அடுத்த ஆண்டு, 1899 ஏப்ரல் 29 அன்று, அதே ஜெனாட்சி மற்றொரு மின்கல வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டருக்குமேல் விரைந்தார். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் சாலை வண்டி பெட்ரோல் வண்டியன்று என்பது இன்றும் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

அதே 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீலகிரி மலைரயில் ஓடத் தொடங்கியது. 1908ல் அது உதகை வரை நீண்டது. ஏறத்தாழ பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரும் செங்குத்தான பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும் 'ஆப்ட்' முறையே அதன் அடிப்படை. இதே ஆப்ட் முறையில் சுவிட்சர்லாந்தின் கோர்னர்கிராட் மலைரயில் 1898ல் திறக்கப்பட்டது. அது முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடியது. நம் மலைக்கோ நீராவியே வாய்த்தது. பின்னாளில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்ட நீராவி எஞ்சின்கள்தாம் நீலகிரியில் ஏறின. தன் மலைக்கு மின்சாரத்தைத் தேர்ந்த நாடு, நம் மலைக்கு நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய், மேற்பகுதியில் டீசல் எனக் காலப்போக்கில் மாற்றங்கள் வந்தன. ஆனால் அவ்விருப்புப்பாதைக்கு மேலே மின்கம்பி வரவேயில்லை. 2005ல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, அந்தப் பழமையே அதன் பெருமையாயிற்று.

இந்த ஒப்பீடு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கம்பி வழியே தொடர்ந்து ஆற்றல் வரும் இடத்தில் மின்விசை எந்த மலையையும் ஏறும். கம்பியை அறுத்துவிட்டு, ஆற்றலை முதுகில் சுமந்துகொண்டு ஏறச் சொல்லும்போதுதான் அதற்குச் சோதனை தொடங்குகிறது. டர்ட் பைக்கின் கதை முழுவதும் இந்தச் சோதனையின் கதைதான்.

மின்சாரம் பிறந்த மலை, பெட்ரோல் ஏறிய மலை

நீலகிரிக்கு மின்சாரம் அயலான பொருளன்று. அருவங்காட்டில் கார்டைட் என்னும் புகையில்லா வெடிமருந்தைச் செய்யும் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறுவப்பட்டது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அத்தொழிற்சாலைக்காகவே காட்டேரி அருவியின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். டார்ஜிலிங்கில் 1897லும் சிவசமுத்திரத்தில் 1902லும் நீர்மின்சாரம் பிறந்தது. அவற்றை அடுத்து, இந்திய நீர்மின்சாரத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்ததாகக் காட்டேரியைக் கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் ஜெகதளாவின் பக்கத்தில் மின்சாரத்தால் எந்திரங்கள் சுழன்றன.

1932ல் பைக்காரா வந்தது. ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாய்வழி விழும் நீர் அங்கே மின்சாரமாயிற்று. அது கம்பி வழியே கீழிறங்கிக் கோயம்புத்தூரின் பஞ்சாலைகளை ஓட்டியது. பின்னர்க் குந்தா மின்திட்டம் எழுந்தது. மின்பொறியாளரான கணவருடன் அப்பகுதியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படுகர் வாழ்வில் நேர்ந்த மாற்றங்களைக் 'குறிஞ்சித்தேன்' நாவலாக்கினார். அந்நாவலை வாசித்தவர்களுக்கு, மின்சாரம் இம்மலைக்கு வெறும் வசதியாக வரவில்லை, ஒரு புதிய காலமாகவே வந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் மலையில் பிறந்த மின்சாரம் மலைப்பாதையில் ஓடவில்லை. பாதையைப் பெட்ரோலும் டீசலும் எடுத்துக்கொண்டன. காரணம் எளியது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அக்காலத்து ஈய அமில மின்கலத்தின் ஒரு கிலோவிலோ ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான் அடங்கும். எஞ்சின் தன் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்கினாலும், எஞ்சிய கால் பங்கே மின்கலத்தைப் பல மடங்கு தோற்கடித்தது. ஜெனாட்சி வென்றது சிறு தொலைவில். நாள் முழுதும் செல்ல வேண்டியவனுக்கு அந்த வெற்றியால் பயனில்லை.

மோட்டார் சைக்கிள் தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டதும் மலைத்தடங்களில்தான். ஸ்காட்லாந்தில் 1909லேயே பல நாள் மலைத்தடச் சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. வேகத்தைவிட, வழுக்கும் பாறையில் கால் ஊன்றாமல் ஏறுவதே அங்கே திறமையாகக் கருதப்பட்டது. நம் பக்கத்தில் 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. எல்லைப் பணிக்காக இராணுவம் புல்லட்டை வாங்கியதே அதன் வேர். 1985ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரு-ஸ்ட்ரோக் வண்டிகள் எடை குறைந்தவை, சட்டென இழுப்பவை; ஆகவே மேட்டு நிலத்தவரின் மனத்தைக் கவர்ந்தன. பந்தயமும் உடன் வளர்ந்தது. 1953ல் உருவான சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 2003ல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. இவை அனைத்தும் பெட்ரோல் மணத்தில் எழுந்த பண்பாடு.

இடையில் மின்விசை ஒருமுறை எட்டிப்பார்த்தது. 1993ல் 'லவ்பேர்டு' என்னும் இருவர் அமரும் மின்கார் அறிமுகமாயிற்று. கேரளத்தின் சாலக்குடியோடும் நம் கோயம்புத்தூரோடும் தொடர்புடைய முயற்சி அது. ஈய அமில மின்கலத்தில் ஓடிய அக்கார் செங்குத்தான ஏற்றங்களுக்கு ஏற்றதன்று என்பதே அதன்மீது சொல்லப்பட்ட பெருங்குறை. அது விற்பனையில் நிலைக்கவில்லை. மின்வண்டி என்றால் மேடு ஏறாது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியதற்கு இத்தகைய வண்டிகளே காரணம். குறை மோட்டாரிடத்தில் இல்லை, சுமையிடத்தில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

திரும்பி வந்த ஆட்டக்காரர்

லித்தியம் மின்கலம் நிலைமையை மாற்றியது. ஒரு கிலோவில் அடங்கும் ஆற்றல் ஈய அமிலத்தைப்போல் ஆறேழு மடங்காயிற்று. 2009 ஜூனில் பிரிட்டனை அடுத்த மான் தீவில், மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென முதன்முதலாக நடந்த பந்தயத்தில் வென்றது 'அக்னி' அணி. குஜராத்தில் மோட்டார் செய்யும் நிறுவனத்தின் அணி அது. ராப் பார்பர் அதனை மணிக்குச் சராசரி 87 மைல் வேகத்தில் ஓட்டினார். அதே தடத்தில் அன்றைய பெட்ரோல் சாதனை 131 மைல். பத்தே ஆண்டுகளில், 2019ல், மின்வண்டியின் சாதனை ஏறத்தாழ 122 மைலாயிற்று. இடைவெளி சுருங்கிய வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான சான்று அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம். 156 வளைவுகள், இருபது கிலோமீட்டர், முடிவிடமோ 4,300 மீட்டர் உயரம். நெடுங்காலம் மண்சாலையாக இருந்து, 2011ல்தான் அது முழுவதும் தார்ச்சாலையானது. அங்கே 2013ல் கார்லின் டன் என்பவர் 'லைட்னிங்' மின்சார மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டிய நேரத்தில் ஏறி, பெட்ரோல் மோட்டார் சைக்கிள்கள் அனைத்தையும் பின்தள்ளினார். 2018ல் அம்மலையின் ஒட்டுமொத்தச் சாதனையையே வோக்ஸ்வாகனின் மின்கார் எட்டு நிமிடத்துக்குள் ஏறித் தன்வசமாக்கியது.

இதன் காரணம் நீலகிரிவாசிகளுக்குப் புரியும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. பெட்ரோல் எஞ்சின் மூச்சு விட்டு வாழ்வது. உதகையின் உயரத்தில் அதன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மின்மோட்டாருக்கு மூச்சு வேண்டாம். மேலும் சக்கரம் அசையத் தொடங்கும் கணத்திலேயே அது தன் முழு இழுவிசையையும் தருகிறது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. செங்குத்தான பாறையில் எஞ்சின் அணைந்துவிடும் அச்சமும் இல்லை. மலை ஏறுவதற்கென்றே பிறந்ததுபோன்ற குணங்கள் இவை.

மண்தடப் பந்தயத்துக்கு வருவோம். கலிபோர்னியாவின் ஆல்டா நிறுவனம் செய்த மின்சார டர்ட் பைக், 2018ல் அமெரிக்க எண்டியூரோகிராஸ் தொடரில் பெட்ரோல் வண்டிகளோடு ஒரே களத்தில் நின்றது. அதே ஆண்டு அந்நிறுவனம் பணமின்றி மூடப்பட்டது. 2021 டிசம்பரில் பார்சிலோனாவின் ஸ்டார்க் நிறுவனம் 80 குதிரைத்திறன் கொண்ட 'வார்க்' வண்டியை அறிவித்தது. 450 சிசி பெட்ரோல் வண்டிகள் தருவது 60க்கும் குறைவே. 2023 அக்டோபரில் ஹோண்டா தன் மின்சார மோட்டோகிராஸ் வண்டியை ஜப்பானின் தேசியத் தொடரிலேயே களமிறக்கியது. அதே ஆண்டு நவம்பரில் நம் ராயல் என்ஃபீல்டு 'ஹிமாலயன்' வண்டியின் மின்சார மாதிரியை மிலான் கண்காட்சியில் வைத்தது. வலிமையில் போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஒரு யூனிட்டின் கணக்கு

அப்படியானால் பெட்ரோல் தோற்றுவிட்டதா? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ எனக் கொள்வோம். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு யூனிட். நம் வீட்டு மின்அளவியில் ஓடும் அதே ஒரு யூனிட். சாலை உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் இன்னும் ஒன்றரை யூனிட் வைத்துக்கொள்ளலாம். ஆறு யூனிட் கொள்ளும் மின்கலத்தில் பாதிகூடச் செலவாகாது. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, வண்டியைத் தடுத்தவாறே கொஞ்சத்தைத் திருப்பியும் தரும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சரிவில் பிரேக் சூடேறி நேர்ந்த விபத்துகளை அறிந்தவர்களுக்கு இந்தத் திருப்பிப் பெறும் தடுப்பின் மதிப்பு தெரியும்.

ஆனால் இது சாலைக் கணக்கு. சேற்றிலும் மணலிலும் முழு விசையோடு பாயும் பந்தயத்தில் அதே ஆறு யூனிட் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். உலக மோட்டோகிராஸ் பந்தயத்தின் ஒரு சுற்று முப்பது நிமிடமும் இரண்டு வட்டங்களும் என்பதால், அங்கே மின்வண்டி விளிம்பில் நின்று சமாளித்துவிடும். காலை புறப்பட்டு மாலை வரை காட்டோரத் தடங்களில் அலையும் எண்டியூரோ ஓட்டத்தில் கதை வேறு. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பலாம். மின்கலம் தீர்ந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவும் மின்இணைப்பு இருக்கும் இடத்தில். இன்றைய லித்தியம் மின்கலத்தின் ஒரு கிலோவும் கால் யூனிட்டைத்தான் சுமக்கிறது. வீணாகும் வெப்பத்தைக் கழித்த பின்னும் பெட்ரோல் எடைக்கு எடை பத்து மடங்குக்குமேல் முன்னே நிற்கிறது.

விதிநூலின் சிக்கலும் உண்டு. மோட்டோகிராஸ் வகுப்புகள் 250, 450 எனச் சிசி அளவால் பிரிக்கப்பட்டவை. மின்மோட்டாருக்குச் சிசி ஏது? இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1997ல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி நான்கு-ஸ்ட்ரோக் யமஹாவில் வென்றபோது, களம் முழுதும் இரு-ஸ்ட்ரோக் வண்டிகளே ஆண்டன. நான்கு-ஸ்ட்ரோக்குக்குக் கூடுதல் சிசி அனுமதித்த விதி அந்தக் களத்தைச் சில ஆண்டுகளில் தலைகீழாக்கியது. யார் வெல்வார் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. வகுப்பைப் பிரிப்பவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்.

ஓசையின் கேள்வி

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் மலையின் பக்கமிருந்து பார்க்கும்போது, எது முந்தும் என்பதைவிட முக்கியமான ஒன்று மிஞ்சுகிறது. அது ஓசை.

பெட்ரோல் டர்ட் பைக்கின் இரைச்சலை மலைவாசிகள் விரும்புவதில்லை. மின்வண்டி அமைதியானது, ஆகவே காட்டுக்கு நல்லது என்பது அதன் ஆதரவாளர்களின் முதல் வாதம். அதில் உண்மை உண்டு. 2021ல் சுவீடனின் கேக் நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கென மின்சார மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது. வேட்டையாடுபவன் தொலைவிலேயே கேட்டு ஓடிவிடக்கூடாது என்பதே நோக்கம். கேக் நிறுவனம் 2024ல் நொடித்துப்போனாலும் அதன் எண்ணம் வலுவானது.

ஆனால் அதே அமைதியை மறுபக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். காவலரை மறைக்கும் மௌனம் அத்துமீறுபவரையும் மறைக்கும். இதுநாள்வரை தடையை மீறிச் சோலைக்குள் நுழையும் வண்டியைக் காட்டிக்கொடுத்தது அதன் உறுமலே. இன்னொன்றும் உண்டு. ஜெகதளாவையும் அருவங்காட்டையும் சுற்றிய தேயிலைச் சரிவுகளில் கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் மனிதரோடு பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. வளைவுக்கு அப்பால் நிற்கும் காட்டெருமைக்கு வண்டி வருவதை முன்கூட்டிச் சொல்வது எஞ்சினின் ஓசை. ஓசையின்றி, முழு வேகத்தில், திடீரென எதிர்ப்படும் வண்டி இருவருக்குமே ஆபத்து. தேயிலை பறித்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் திரும்பும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும்.

புல்வெளியின் மீது ஏறும் சக்கரத்துக்கு எரிபொருள் பேதம் கிடையாது. ஈரமண்ணைக் கிழித்துச் சரிவில் ஓடையை உண்டாக்குவதில் இரண்டும் ஒன்றே. முதற்கணத்திலேயே முழு இழுவிசையைத் தரும் மின்மோட்டார், முரட்டுக் கையில் மண்ணை இன்னும் கூடுதலாகவே கீறும். 1986ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை இது. 2009ல் பந்திப்பூர் வழியே இரவுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2024 மே முதல் உயர்நீதிமன்ற ஆணையால் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்று நீலகிரிக்கு வருகின்றன. புகை வராத வண்டிக்கு இத்தடைகளில் விலக்கு வேண்டும் என்ற குரல் எழுமாயின், புகை ஒன்றே தடைக்குக் காரணமாக இருந்ததா என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஆக, நம் முடிவு மூன்று நிலைகளில் அமைகிறது. எல்லை வகுத்த பந்தயக் களத்தில் மின்சார டர்ட் பைக் இன்றே சமமான போட்டியாளர். உயரமான மலையில் அது முந்தவும் கூடும். நாள் முழுதும் நீளும் தொலைதடத்தில் பெட்ரோலின் இடம் இன்னும் சில காலம் நிற்கும். ஊரிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும் சில கிலோமீட்டர் ஏறி இறங்கும் அன்றாட மலைவாழ்வுக்கோ, மண்பாதைக்கு ஏற்ற எளிய மின்வண்டியே இயல்பான பொருத்தம். பந்தய வீரர்கள் பேசாத இந்த மூன்றாவது களத்தில்தான் உண்மையான வெற்றி காத்திருக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கோவையிலும் மின் இருசக்கர வண்டி செய்பவர்கள் நகரச் சாலையை மனத்தில் வைத்தே வண்டி வடிக்கிறார்கள். தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஈரச்சரிவில் ஏறும் வண்டியை, வளைவில் மணியடித்துத் தன் வரவைச் சொல்லும் வண்டியை, அவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் மலைமக்கள். காட்டேரி நீரில் மின்சாரம் எடுத்த மலைக்கு அதைக் கேட்கும் உரிமை எப்போதோ வந்துவிட்டது.